கத்தி எடுத்த முதல் அரைமணி நேரம்

கறி கவுச்சி அடித்தால் எல்லாரும் முதலில் திட்டுவது சமையல்காரரை. அடுத்து ஆட்டைத் திட்டுவார்கள், கிழட்டுக் கிடா, சந்தையில் தலையில் கட்டிவிட்டான் என்று. உரித்தவரைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. எங்கள் ஊர்ப் பக்கம், சேலத்தில் குப்பனூருக்கும் அயோத்தியாப்பட்டணத்துக்கும் நடுவில், சேர்வராயன் மலை அடிவாரத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு முனியப்பனுக்கு யாராவது ஒருத்தர் கிடா வெட்டிக்கொண்டேதான் இருப்பார்கள். சின்ன வயதில் கால் பிடிக்கப் போய், அப்புறம் கயிறு கட்டப் போய், இப்போது கத்தி என் கையிலும் வந்துவிட்டது. பெரிய மாமாதான் குரு. இத்தனை வருஷம் பார்த்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்தது ஒன்று: கழுத்தில் வெட்டு விழுந்ததிலிருந்து குடல் வெளியே வரும் வரைக்கும் உள்ள அந்த அரைமணி நேரம் கெட்டுவிட்டால், அதற்குப் பிறகு எத்தனை கைப்பிடி சின்ன வெங்காயத்தைக் கொட்டினாலும் அது தேறாது.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் சித்தப்பா பையன் அனுப்பிய ஒரு வீடியோ. மின்னசோட்டாவில் இருக்கிறான். அங்கே நவம்பரில் துப்பாக்கி வேட்டைக்குப் பருவம் உண்டு, லைசென்ஸ் எடுத்து, ஆரஞ்சு நிறச் சட்டை போட்டுக்கொண்டு போய் வெள்ளைவால் மான் ஒன்றை அடித்திருக்கிறான். அடித்த கையோடு அதற்கு உரிய சீட்டைப் போட்டு, அந்தப் பனியிலேயே மண்டியிட்டு வயிற்றைத் திறந்து குடலை எடுத்துவிட்டுத்தான் வண்டிக்கு இழுத்துப் போகிறான். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பாதிப் பேர் "ஐயோ பாவம்" என்றார்கள், மீதிப் பேர் "இங்கேயும் ஏற்காட்டுல ஏறி ஒண்ணு அடிச்சா என்ன" என்று ஆரம்பித்தார்கள். மாமா மட்டும், "பையன் கத்தியை சரியாத்தான் பிடிச்சிருக்கான்" என்று ஒரு குரல் பதிவு போட்டார்.

ஏற்காட்டுக் கேள்விக்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அடிக்கக் கூடாது. 1972-ஆம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அதில் முதலில் சில விலங்குகளுக்கு உரிமம் வாங்கி வேட்டையாட வழி இருந்தது, 1991-இல் வந்த திருத்தம் அதையும் அடைத்துவிட்டது. அடிப்பது மட்டும் இல்லை, கறியை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். ராத்திரி மலைப்பாதையில் வண்டியில் அடிபட்டுச் செத்துக் கிடக்கிற மான்கூட அரசாங்கத்தின் சொத்து, எடுத்துக்கொண்டு வர நமக்கு உரிமை கிடையாது. இப்போது ஏற்காட்டு எஸ்டேட்டுகளில் காட்டு மாடுகள் சாவகாசமாக நடமாடுவதை எல்லாரும் போன் எடுத்துப் படம் பிடிக்கிறார்கள், அப்படியே இருக்கட்டும். அவன் நாட்டுச் சட்டம் அவனுக்கு, நம் சட்டம் நமக்கு.

ஆனால் வீடியோவில் அவன் செய்த வேலையும் புளியமரத்தடியில் மாமா செய்கிற வேலையும் ஒன்றுதான். மானும் ஆடும் அசைபோடுகிற ஜாதி. நாலு அறை வயிறு, அதில் பெரிய அறைக்குள் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் உட்கார்ந்து தழையைப் புளிக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஆடு உயிரோடு இருக்கும்வரை அந்தக் காற்றை ஏப்பமாக விட்டுக்கொண்டே இருக்கும். ஆடு செத்தாலும் அதன் வயிறு சாகாது. புளிப்பு தொடரும், ஏப்பம் விட வழியில்லை, கொஞ்ச நேரத்தில் வயிறு உப்பும், உடம்புச் சூடும் உள்ளேயே அடைபட்டு நிற்கும், குடல் சுவரைத் தாண்டி நாற்றம் கறிக்குள் இறங்க ஆரம்பிக்கும். மின்னசோட்டா குளிரிலேயே அவன் அவசரப்படுகிறான் என்றால் சேலம் சித்திரை வெயிலில் நாம் எவ்வளவு அவசரப்பட வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். எங்கள் தாத்தா, சட்டமெல்லாம் வருவதற்கு முந்தின காலத்தில், மலைக்காரர்களோடு முயலும் பன்றியும் அடிக்கப் போனவர். "விழுந்த எடத்துலயே வயித்தைக் கழட்டிரோணும், அப்புறந்தான் கம்புல கட்டித் தூக்கோணும்" என்பது அவர் சொன்னது. விஞ்ஞானம் தெரிந்து சொன்னாரா, தூக்கக் கனம் குறையும் என்று சொன்னாரா, தெரியாது. ரெண்டுக்கும் அது சரி.

வேலை கத்தி எடுக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. வெட்டப்போகிற கிடாவுக்கு முதல் நாள் ராத்திரியிலிருந்து தீனி போடக் கூடாது, தண்ணீர் மட்டும் வேண்டிய அளவு வைக்க வேண்டும். வயிறு காலியாக இருந்தால் திறக்கும்போது கிழிகிற ஆபத்து பாதி குறைந்துவிடும். ஆனால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? "கடைசியா நல்லா தின்னுட்டுப் போகட்டும்" என்று காலையில் வேப்பந்தழையும் கொடுக்காப்புளித் தழையும் கட்டி விடுகிறார்கள். பாசம் புரிகிறது, ஆனால் அந்தத் தழை மொத்தமும் ஒரு மணி நேரத்தில் என் கையில்தான் வந்து விழும்.

இன்னொன்று, கிடாவை மிரள விடக் கூடாது. டெம்போவில் நிறுத்தி, மேளம் காதோரம் அடித்து, பத்துப் பேர் துரத்திப் பிடித்து வெட்டினால் கறி கறுத்து, பிசுபிசு என்று ஒட்டும். தசைக்குள் இருக்கிற சர்க்கரைச் சத்து செத்த பிறகுதான் லாக்டிக் அமிலமாக மாறி, கறியில் அமிலத்தன்மையை ஏற்றிக் கெடாமல் பார்த்துக்கொள்ளும். சரியான கறியில் pH என்கிற எண் (அமிலம் ஏற ஏற இது இறங்கும்) ஏழிலிருந்து ஐந்தரைப் பக்கம் இறங்கும். ஓடி ஓடி அந்தச் சர்க்கரையை முன்னாலேயே எரித்துவிட்ட ஆட்டில் அமிலம் ஊற எதுவும் மிச்சம் இருக்காது, கறி சீக்கிரம் வீச்சம் எடுக்கும். வேட்டைக்காரர்களும் இதையேதான் சொல்கிறார்கள்: அடிபட்டு வெகுதூரம் ஓடி விழுந்த மானைவிட நின்ற இடத்திலேயே விழுந்த மான் ருசி. அதனால் மாமா வெட்டுக்கு முன் கிடாவை மர நிழலில் கட்டிவைத்து, மேளக்காரரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்வார். தீர்த்தம் தெளித்து அது தலையைச் சிலுப்பும் வரை எல்லாரும் காத்திருப்பதில் ஆட்டுக்கும் ஒரு அமைதி கிடைக்கிறது என்று நான் நினைத்துக்கொள்வேன்.

கிடா வெட்டைப் பற்றிப் பேசினால் யாராவது ஒருவர் "அது தடை செய்யப்பட்டதுதானே" என்பார். 1950-இல் ஒரு சட்டம் இருந்தது உண்மை, தூங்கிக்கொண்டிருந்த அந்தச் சட்டத்தை 2003-இல் அரசு கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னதும் ஊர் ஊராகக் கொந்தளிப்பு வந்ததும் உண்மை. 2004-இல் அந்தச் சட்டத்தையே ரத்து செய்துவிட்டார்கள். அந்த இடைப்பட்ட மாதங்களில் எங்கள் பக்கம் முனியப்பனுக்குப் பூசணிக்காய்தான். பெரியவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

சரி, வெட்டு. ஒரே வெட்டில் தலை விழ வேண்டும் என்பது சாமிக்காக மட்டும் இல்லை. வெட்டு அரைகுறையானால் ஆட்டுக்கு வேதனை, ரத்தமும் சரியாக வடியாது. தலை விழுந்ததும் பின்னங்கால் இரண்டையும் பிடித்து உயரத் தூக்கிவிட வேண்டும். ரத்தம் முழுக்க வடியும் வரை பொறுக்க வேண்டும், உதறல் அடங்கும் வரை அவசரப்படக் கூடாது. ரத்தம் தங்கிய கறிதான் முதலில் கெடுகிறது. பொரியலுக்கு ரத்தம் பிடிப்பவர்கள் முதல் ரத்தத்தைச் சாமிக்கு விட்டுவிட்டு, உப்புப் போட்ட பாத்திரத்தில் அடுத்ததைப் பிடிப்பார்கள்.

பிறகு தொங்கவிடுவது. பின்னங்கால் முட்டிக்குக் கீழே எலும்புக்கும் நரம்புக்கும் நடுவில் தோலைக் கீறி, அதன் வழியாகக் கயிறு விட்டுக் கிளையில் ஏற்றுவோம். அந்த நரம்பை அறுத்துவிட்டால் முழு உடம்பும் தரையில் மண்ணில் விழும். புதுப் பையன்களிடம் நான் முதலில் காட்டிக்கொடுப்பது இதைத்தான். தரையில் போட்டு உரிப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கை பரபரக்கும், எவ்வளவு தென்னங்கீற்று விரித்தாலும் மண் ஒட்டாமல் இருக்காது.

இங்கே ஒரு வழக்கு வரும்: உரிப்பதா, வாட்டுவதா. தோலோடு கறி வேண்டும் என்பவர்கள் தென்னை ஓலையைக் கொளுத்தி முடியைப் பொசுக்கி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தடவி, திரும்பக் காட்டி எடுப்பார்கள். இப்போது கேஸ் சிலிண்டரில் குழாய் மாட்டி ஐந்து நிமிஷத்தில் முடிக்கிறார்கள். அந்த வாட்டிய தோலின் மணம் தனிதான், மறுக்கவில்லை. ஆனால் வயிற்றுக்குள் எல்லாம் அப்படியே இருக்கும்போது வெளியே தீ மூட்டுகிறோம் என்பதை மறக்கக் கூடாது, சுருக்கமாக முடித்து உடனே திறந்துவிட வேண்டும். வாட்டிக்கொண்டே கதை பேசி, டீ குடித்து, போட்டோ எடுத்து, அப்புறம் சாவகாசமாக வயிற்றைத் திறக்கிறவர்கள் வீட்டு விருந்துக்கு நான் சாம்பாரோடு நிறுத்திக்கொள்வேன்.

உரிப்பதானால் ஆட்டைப் பொறுத்து மாறும். மேச்சேரி ஆடு செம்மறிதான், ஆனால் கம்பளி இராது, பழுப்பு முடி, கொம்பும் பெரும்பாலும் இல்லை. மேச்சேரி, நங்கவள்ளி, ஓமலூர்ப் பக்கத்துச் சொத்து அது. பொட்டனேரியில் அதற்கென்றே ஆராய்ச்சி நிலையம் வைத்திருக்கிறார்கள். அதன் தோல், தோல் பதனிடுகிற ஷாப்புக்காரர்களிடம் பேர் வாங்கியது, கத்திக் கீறல் ஒன்று விழுந்தாலும் விலை இறங்கும். அதனால் தொடையில் தோலைத் திறந்ததும் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, கை முஷ்டியை மடக்கித் தோலுக்கும் சதைக்கும் நடுவில் தள்ளித் தள்ளித்தான் இறக்க வேண்டும். சூடு ஆறுவதற்குள் செய்தால் தானாகக் கழன்று வரும். முனியப்பனுக்குக் கறுப்புதான் வேண்டும் என்று தேடுகிறவர்கள் சேலம் கருப்பு வெள்ளாடு வாங்குவார்கள், அதில் தோல் கொஞ்சம் அடம்பிடிக்கும். சிலர் காலில் ஓட்டை போட்டு வாயால் ஊதித் தோலைக் கிளப்புவார்கள். தயவுசெய்து வேண்டாம். ஊதுகிறவர் வாயில் இருப்பதெல்லாம் கறிக்குப் போகும், ஆட்டில் இருப்பது ஊதுகிறவருக்கும் வரும். சைக்கிள் பம்பு வாங்க எவ்வளவு ஆகிவிடப்போகிறது?

காயடிக்காத கிடாவுக்கு ஒரு நாற்றம் உண்டு, எல்லாருக்கும் தெரியும். கொம்புக்குப் பின்னால் இருக்கிற சுரப்பிகளிலிருந்து வருவது அது, முடியெல்லாம் பரவியிருக்கும். சதையில் அது அவ்வளவாக இல்லை, நம் கைதான் அதைக் கொண்டுபோய்ச் சதையில் வைக்கிறது. முடியைத் தொட்ட கை சதையைத் தொடக் கூடாது, தோல் கிழித்த கத்தியைக் கழுவாமல் உள்ளே விடக் கூடாது. மாமா இரண்டு கத்தி வைத்திருப்பார். ஒன்று சூரிக்கத்தி, இன்னொன்று பழைய லாரிப் பட்டையை அடித்துச் செய்த சின்னக் கத்தி, பட்டறையில் சொல்லி வாங்கியது. முதலாவது தோலுக்கு, இரண்டாவது வயிற்றுக்கு. மானுக்கும் இதே கதைதான். அதற்குப் பின்னங்காலின் உள்பக்கம் சுரப்பி, அங்கே தொட்ட கத்தியால் கறியைத் தொடாதே என்று சித்தப்பா பையனுக்கு அவன் ஊர்ப் பெரியவர் சொல்லிக்கொடுத்திருக்கிறார்.

இப்போது வயிறு. இங்கேதான் நான் மெதுவாக எழுதப் போகிறேன், ஏனென்றால் ஆட்கள் வேகமாகச் செய்வது இதைத்தான். முதலில் பின்பக்கம். ஆசனவாயைச் சுற்றி வட்டமாகக் கீறி, குடலின் அந்த முனையை லேசாக வெளியே இழுத்து, நூலோ வாழைநாரோ போட்டு இறுக்கிக் கட்டிவிட வேண்டும். கழுத்துப் பக்கம் உணவுக்குழாயைத் தேடிப் பிடித்து அதையும் கட்ட வேண்டும். மூச்சுக்குழாய் கெட்டியாக வளையம் வளையமாக இருக்கும், பக்கத்தில் மெத்தென்று இருப்பது உணவுக்குழாய். தலைகீழாகத் தொங்குகிற ஆட்டில் இதைக் கட்டாவிட்டால் வயிற்றில் இருக்கிற பச்சைத் தண்ணீர் கழுத்துக் கறி மேலேயே வழியும். இரண்டு முடிச்சு, இரண்டு நிமிஷம். பத்தில் எட்டுப் பேர் இதைச் செய்வதில்லை.

பிறகு வயிற்றுத் தோலுக்கு அடியில் உள்ள மெல்லிய சதையை, தொடைக்கு நடுவிலிருந்து, ஒரு விரல் நுழைகிற அளவுக்கு மட்டும் திறக்க வேண்டும். அதில் இடது கையின் இரண்டு விரலை விட்டு, சதையை வெளிப்பக்கம் தூக்கிப் பிடித்து, விரல்களுக்கு நடுவில் கத்தியின் கூர் நம்மைப் பார்க்கிற மாதிரி வைத்து நெஞ்செலும்பு வரை இறக்க வேண்டும். கூர் உள்ளே பார்த்தால் முடிந்தது கதை. "மாப்ள, கத்தி வயித்தைப் பார்க்கக் கூடாது, உன்னைப் பார்க்கோணும்" என்று மாமா சொன்னது எனக்கு இன்றும் கத்தியைத் தொட்டால் காதில் விழும். வீடியோவில் அவர் பாராட்டியதும் இந்தப் பிடியைத்தான்.

திறந்ததும் எல்லாம் தன் எடைக்குத் தானே இறங்கும், இழுக்க வேண்டியதில்லை, ஒரு கையால் தாங்கிக்கொண்டால் போதும். மேலே மூத்திரப்பை இருக்கும், அதன் கழுத்தை விரலால் நெருக்கிப் பிடித்துக்கொண்டு அறுத்து எடுக்க வேண்டும், சிந்தினால் தொடைக்கறி வீண். பெரிய இரைப்பையும் குடலும் அண்டாவுக்குள் இறங்கியபின் ஈரல் தெரியும். ஈரலோடு ஒட்டிக்கொண்டு பச்சையாகப் பித்தப்பை. அதைத் தனியாகப் பிய்க்க முயற்சி செய்ய வேண்டாம், கொஞ்சம் ஈரலையும் சேர்த்தே அறுத்து எறிந்துவிடலாம். ஒரு துண்டு ஈரலுக்கு ஆசைப்பட்டு முழு ஈரலையும் கசப்பாக்கிக்கொண்டவர்கள் எங்கள் சொந்தத்திலேயே நிறையப் பேர் உண்டு.

அப்புறம் நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கிற மெல்லிய திரை. அதை விளிம்போரமாக அறுத்தால் இதயமும் நுரையீரலும் மூச்சுக்குழாயும் சேர்ந்து ஒரே கொத்தாக வந்துவிடும். உள்ளே தேங்கிய ரத்தம் வடியும். விலா எலும்புகளுக்கு நடுவில் ஒரு குச்சி கொடுத்து விரித்துவிட்டால் காற்று புகுந்து சூடு இறங்கும். அமெரிக்க மானுக்கும் இதே குச்சிதான், அவன் பனியில் ஒடித்தது, நாங்கள் புளியங்கிளையில் ஒடிப்பது.

இந்த நேரத்தில் எப்போதும் யாராவது ஒரு சித்தப்பா குழாயைப் பிடித்துக்கொண்டு ஓடி வருவார், உள்ளே பீய்ச்சிக் கழுவ. இவரைத் தடுப்பதுதான் என் வேலையில் பாதி. குடல் சாறு ஒரு இடத்தில் பட்டிருந்தால் அந்த இடத்தைச் சுத்தக் கத்தியால் செதுக்கி எடுத்துவிட்டால் முடிந்தது. தண்ணீர் அடித்தால் ஒரு இடத்து அழுக்கு ஒன்பது இடத்துக்குப் போகும், ஈரம் வேறு தங்கும், வெயிலும் ஈரமும் சேர்ந்தால் கிருமிக்குக் கொண்டாட்டம். கறி மேல்பக்கம் காய்ந்து இருக்க வேண்டும். கழுவுவதெல்லாம் துண்டு போட்டபின் சட்டிக்குப் போகும் முன்தான். சொன்னால் கேட்க மாட்டார்கள், "கழுவாத கறியா?" என்று முகம் சுளிப்பார்கள்.

உள்ளுறுப்பை எடுத்ததும் ஒரு தட்டில் வைத்து வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ஈரல் ஒரே நிறமாக, விளிம்பு கூராக இருக்க வேண்டும். அறுத்தால் குழாய்களில் தட்டையாக இலை போன்ற புழு தெரிந்தால் அது ஏரி, வாய்க்கால் ஓரம் மேய்ந்த ஆடு, அந்த ஈரல் வேண்டாம். நுரையீரலிலோ ஈரலிலோ நீர் நிறைந்த கொப்புளங்கள் இருந்தால் இன்னும் கவனம். நாயின் குடலில் வாழும் ஒரு நாடாப்புழுவின் குட்டிப் பருவம் அது. நாயின் கழிவிலிருந்து முட்டை புல்லுக்கு வரும், புல்லிலிருந்து ஆட்டுக்கு. அதே முட்டை நம் வயிற்றுக்குள் போனால் நம் ஈரலிலும் இதே கொப்புளம் வளரும். கோயில் வாசலில் சுற்றுகிற நாய்க்கு "பாவம் தின்னட்டும்" என்று அந்த நுரையீரலை வீசுகிறோமே, அந்தச் சுற்றை நாமே ஓட்டிவிடுகிறோம் என்று அர்த்தம். கால்நடை மருத்துவர் ஒருவர் சொல்லித்தான் எனக்கு இது தெரியும், அதற்குப்பின் வீசுவதில்லை.

தானாகச் செத்த ஆட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் திறக்காதீர்கள். திடீரென்று விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுப்பு ரத்தம் வடிந்திருந்தால் அது அடைப்பான் என்கிற ஆந்த்ராக்ஸ் நோயாக இருக்கலாம். திறந்தால் காற்றுப் பட்டுக் கிருமி வித்தாக மாறி அந்த மண்ணிலேயே வருஷக்கணக்கில் கிடக்கும், அறுத்தவர் கையிலும் புண் வரும். கால்நடை மருத்துவமனைக்குச் சொல்வது ஒன்றே வழி. அமெரிக்காவிலும் அவர்களுக்கு ஒரு பயம் இருக்கிறது, மான்களின் மூளையைத் தின்று மெலிய வைக்கிற ஒரு நோய், சமைத்தாலும் அழியாதது. அதனால் அவன் கையுறை போட்டுத்தான் தொடுகிறான், மூளை, முதுகுத்தண்டுப் பக்கம் போவதில்லை, தலையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதனைக்குக் கொடுக்கிறான். ஆட்டு மூளை வறுவலுக்குச் சண்டை போடுகிற எங்கள் வீட்டுக்கு அதைக் கேட்டுத் தாங்கவில்லை.

ஆண்கள் இத்தோடு கத்தியைக் கழுவிவிட்டுப் பெரிய வேலை முடிந்ததாக உட்கார்ந்துவிடுகிறோம். உண்மையில் கஷ்டமான வேலை அப்போதுதான் அத்தைகள் கைக்குப் போகிறது. குடலைத் துண்டாக்கி, குச்சி விட்டு உள்வெளியாகத் திருப்பி, மஞ்சளும் கல்லுப்பும் போட்டுத் தேய்த்து, இரைப்பையைச் சுடுதண்ணீரும் சுண்ணாம்பும் போட்டுக் கறுப்புத் தோல் உரியும் வரை சுரண்டி, திரும்பத் திரும்ப அலசி, வெள்ளையாக்கிக் கொடுப்பார்கள். சுடுதண்ணீர் கொதித்துவிட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும், ஆறிவிட்டால் கழலாது, கை பொறுக்கிற சூடு என்று ஒரு பக்குவம் இருக்கிறது. பெரிய அத்தை விரலை விட்டுப் பார்த்துச் சொல்வார். எந்த விருந்திலும் குடல் குழம்புக்குப் பாராட்டு சமைத்தவருக்குப் போகும், கழுவியவருக்குப் போனதை நான் பார்த்ததில்லை.

கூறு போடுவது தனிக் கலை. பங்காளிகள் எத்தனை வீடோ அத்தனை கூறு, வாழை இலையில். ஒவ்வொரு கூறிலும் தொடையில் கொஞ்சம், சப்பையில் கொஞ்சம், நெஞ்செலும்பு, கழுத்து, ஈரலில் ஒரு துண்டு, கொழுப்பில் ஒரு துண்டு. தராசு கிடையாது, கண்ணளவுதான், அதிலும் சண்டை வராமல் போட மாமாவால்தான் முடியும். தலையும் ஒரு தொடையும் பூசாரிக்கு, கோயிலுக்குக் கோயில் இது மாறும். தாத்தா காலத்து வேட்டையில் அடித்தவருக்குத் தலை, விரட்டிய நாய்க்கும் ஒரு பங்கு என்று இருந்ததாம். முழு ஆட்டின் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறியாக நிற்கும், பெரும்பாலும் அதற்கும் கீழேதான். முப்பது கிலோ கிடா வாங்கிவிட்டு முப்பது கிலோ கறிக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் கடைசிப் பந்திக்கு ரசம் ஊற்றுவார்கள்.

வெட்டிய கறி சில மணி நேரத்தில் விறைக்கும். விறைப்பு ஏறுகிற நேரத்தில் துண்டு போட்டு அவசரமாக வதக்கி இறக்கினால் பல்லுக்கு வேலை. ஒன்று, கோயிலிலேயே உடனே அடுப்பேற்றி, விறகு அடக்கி, பொறுமையாக வேக விட வேண்டும். இல்லையென்றால் ஃபிரிட்ஜில் ஒரு நாள் வைத்து அடுத்த நாள் சமைக்க வேண்டும், அதற்குள் சதை தானாக இளகிவிடும். மான் கறியை அவன் உறையாத குளிரில் பல நாள் தொங்கவிடுகிறான், அங்கே அதற்குக் குளிர் இருக்கிறது. சேலத்தில் மே மாதம் புளியமரத்தில் தொங்கவிட்டால் சாயங்காலத்துக்குள் ஈதான் மிச்சம்.

டவுனுக்குக் கறி கொண்டுபோகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சூடு ஆறாத கறியைப் பாலிதீன் பையில் போட்டு முடிச்சுப் போட்டு, ஸ்கூட்டர் டிக்கியில் வைத்து, அஸ்தம்பட்டி சிக்னலில் வெயிலில் நிற்காதீர்கள். வாய் அகன்ற தூக்குப் போசியில் பரப்பி, ஈரத்துணி மேலே மூடி, ஆறவிட்டு எடுத்துப் போங்கள். கூட்டமாகப் போகிறவர்கள் வரும்போதே ஒரு தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் வாங்கி வந்துவிடலாம், ஆனால் ஐஸ் கறியில் நேராகப் படாமல் நடுவில் ஒரு தாள் வேண்டும்.

கடைசியாக, மிச்சம். இரைப்பையில் இருந்த தழையையும் தின்னாத உறுப்புகளையும் ஓடையில் கொட்டிவிட்டு வருவது எங்கள் பக்கம் சாதாரணமாகிவிட்டது. ராத்திரி நாய்கள் வரும், மலையிலிருந்து பன்றிகள் இறங்கும், அடுத்த வாரம் பொங்கல் வைக்க வருகிறவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நாங்கள் போகும்போதே கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு போகிறோம். ஓடையை விட்டுத் தள்ளி, இடுப்பளவு ஆழத்துக்குக் குழி, உள்ளே போட்டுச் சுண்ணாம்பு தூவி, மண்ணை மிதித்து மூடி, மேலே முள் போட்டுக் கல்லை உருட்டிவிட வேண்டும். குழியை வெட்டுக்கு முன்பே தோண்டி வைத்துவிடுங்கள், சாப்பிட்டபின் யாரும் கடப்பாரையைத் தொட மாட்டார்கள்.